லைசென்ஸ் மத்தூரில், துப்பாக்கி சென்னபட்டணாவில்

அன்று வண்டியில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் சண்டைக்கு வரக்கூடாது. ஸ்டீயரிங்கில் மாதப்பனாகிய நான். பின்னால் ஸ்டெல்லா டீச்சர், மைசூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அவருடைய வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ் சார், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டதால் கட்டிலில் படுத்தபடி வந்தார். அந்தக் கட்டிலுக்கு அடியில், பூட்டிய அறைக்குள், டீச்சரின் ரைஃபிள். அதையும் ஓர் ஆளாகத்தான் நான் எண்ணினேன். ஆக நாலு. மைசூர் ஆபீஸில் உட்கார்ந்தபடி போனில் மட்டும் இருந்தவர் முத்தம்மா மேடம், எங்கள் முதலாளி.

மத்தூரைத் தாண்டியபோது அந்த நாலில் ஒன்று குறைந்திருந்தது. எனக்குத் தெரியாது.

இதை எழுதச் சொன்னவர்கள் எங்கள் டிரைவர் சங்கத்துக்காரர்கள். கேரவன் வாடகைக்கு விடுகிற புதுக் கம்பெனிகள் இப்போதெல்லாம் "ஆயுதம் ஏற்றுவதில்லை" என்று ஒரே வரியில் போட்டு முடித்துவிடுகிறார்களாம். முறையாக லைசென்ஸ் வைத்திருப்பவர் முறையாகக் கொண்டுவந்தாலும் அதே பதில்தானாம். "நீங்க இருந்தப்ப ஏத்துனீங்களே மாதப்பண்ணா, எப்படின்னு நம்ம சங்க மலருக்கு எழுதிக் குடுங்க" என்றார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது. எதையும் மூன்று தரம் சரிபார்ப்பது என் பழக்கம்.

பழக்கமில்லை, வியாதி என்பாள் என் வீட்டுக்காரி ரத்தினம். வெளியூர் கிளம்பினால் தெருமுனை வரை போய்விட்டு, கேஸை மூடினோமா என்று திரும்பி வருவேன். அவள் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாள். "கேஸ் மூடியாச்சுங்க, மோட்டர் நிறுத்தியாச்சுங்க, பின்கதவு சாத்தியாச்சுங்க. இன்னும் ஏதாவது பயம் மிச்சம் இருக்குதுங்களா, இல்ல நான் போயி அடுப்பப் பாக்கட்டுங்களா?" என்பாள்.

ஹனூர்ப் பக்கம் ராமாபுரம் எனக்கு. பள்ளிக்கூடத்தை விட்டதும் கிரானைட் லாரியில் கிளீனர், பிறகு அதே லாரியில் டிரைவர். மைசூருக்கு வந்தபின் சினிமா ஷூட்டிங் கேரவன் ஓட்டினேன். நடிகர்கள் உள்ளே ஏசியில் இருப்பார்கள், நான் வெளியே நின்று டயரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை சண்டைக் காட்சிக்கான டம்மித் துப்பாக்கிகளை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து என் வண்டி சோபாவில் கொட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். மரத்தில் செய்து கறுப்புப் பெயின்ட் அடித்தவை. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், பெயின்ட் விரலில் ஒட்டியது. அப்படியும் எனக்கு மனசு ஆறவில்லை. வண்டியைப் பூட்டிவிட்டு வெயிலில் போய் நின்றேன். சண்டை மாஸ்டர் திரும்பி வந்து, "என்ன டிரைவரே, உள்ள பாம்பா?" என்றார். பாம்பாக இருந்திருந்தால் பரவாயில்லை, பாம்புக்கு லைசென்ஸ் கேட்க மாட்டார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கம்பெனி வண்டிகளை விற்றுவிட்டதும் முத்தம்மா மேடத்திடம் வந்து சேர்ந்தேன். கட்டில், சமையல் மேடை, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய கேரவன்கள் அவரிடம் இருந்தன. சுற்றுலா போகிறவர்களுக்கு டிரைவரோடு வாடகைக்கு விடுவார். ரிட்டயர் ஆகும்வரை நான் அங்கேதான்.

மேடம் குடகுக்காரர். நம் வீட்டுச் சுவரில் காலண்டர் தொங்குவது போல அவர்கள் வீட்டுச் சுவரில் துப்பாக்கி தொங்கும். வருஷத்தில் ஒருநாள் அதற்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். தமிழை டிரைவர்களிடம் இருந்தே கற்றுக்கொண்டவர் என்பதால் அவர் தமிழில் லாரி வாசனை அடிக்கும், நடுநடுவே கன்னடமும் வரும். நாற்காலியில் உட்கார மாட்டார். ஷெட் வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், மடியில் ஆரஞ்சுப் பழம். சீசன் இல்லாவிட்டால் சாத்துக்குடி. நம்மைத் திட்டிக்கொண்டே உரிப்பார். உரித்த சுளையை ஒவ்வொன்றாக நம் கையில் வைப்பார். கோபம் ஏற ஏறக் குரல் தாழும், காதை அருகில் கொண்டுபோய்த்தான் திட்டு வாங்க வேண்டும். சின்னத் தப்பு என்றால் இரண்டு சுளை. வண்டியில் கீறல் விழுந்தால் அரைப் பழம். ஒரு டிரைவர் குடித்துவிட்டு வந்த அன்று முழுப் பழத்தையும் கொடுத்து, கூடவே கணக்கு முடித்துச் சம்பளத்தையும் கொடுத்து அனுப்பினார்.

துப்பாக்கியோடு ஒரு பார்ட்டி வருகிறது, வண்டி நீதான் எடுக்க வேண்டும் என்று முதல்முறை அவர் சொன்னபோது, எனக்குக் காய்ச்சல் என்றேன். எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்ல. பயம். அதுதான் எனக்கு பேக்கு, அதுதான் வேணும். பயம் இல்லாதவனுக்கு நான் இந்த டிரிப் கொடுக்கவே மாட்டேன்."

அவர் வைத்திருந்த முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், சங்கத்துக்காரர்கள் கேட்டது இதைத்தான். துப்பாக்கி ஷெட்டுக்கு வந்ததும் நேரே வண்டியில் ஏறாது. லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவரேதான் பெட்டியைத் திறக்க வேண்டும். தோட்டா போகிற அறை காலியாக இருப்பதைக் காட்ட வேண்டும். விரலை உள்ளே விட்டுக் காட்டச் சொல்வார் மேடம். பிறகு போல்ட்டைக் கழற்ற வேண்டும். போல்ட் என்பது பின்னால் இழுத்துத் தள்ளுகிற இரும்புத் துண்டு, அது இல்லாமல் சுட முடியாது. அதையும் எடுத்தபின் குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று டிரைவர் பார்த்து, "காலி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. அடுத்து நம்பர். இரும்பில் வெட்டியிருப்பதை லைசென்ஸ்காரர் படிக்க, லைசென்ஸில் இருப்பதை மேடம் படிப்பார். லைசென்ஸ் கர்நாடகாவுக்கு மட்டுமா, இந்தியா முழுக்கவா என்று பார்ப்பார். ரைஃபிள் ஒரு அறையில், தோட்டா வேறொரு அறையில், இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. சாவிகளும் ஒரிஜினல் லைசென்ஸும் ஒரு பையில், அந்தப் பை லைசென்ஸ்காரர் கழுத்தில். தூங்கும்போதும் கழுத்தில்தான். மேடத்தின் போன் நம்பரை அவர் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் ஒப்பித்துவிட்டுத்தான் ஏறுவார்.

"உன் கையில ஒரு சாவி இருந்தாலும் அது உன் துப்பாக்கி மாதப்பா. உன் பேர்ல லைசென்ஸ் இல்ல. அப்போ நீ யாரு?"

"கள்ளத் துப்பாக்கி வெச்சிருக்கறவனுங்க மேடம்."

"சரி. சுளை எடுத்துக்கோ."

கடைசி விதி, லைசென்ஸ்காரர் வண்டிக்குள் இல்லாமல் சக்கரம் உருளக்கூடாது. அவர் சாப்பிட இறங்கினால் வண்டி நின்ற இடத்திலேயே, கண் பார்வையில், பூட்டியபடி நிற்க வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. எங்கள் கேரவனில் டிரைவர் கேபினுக்கும் வீட்டுக்கும் நடுவில் பலகைத் தடுப்பு. பின்னால் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று டிரைவருக்குத் தெரியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பலகையில் ஒருமுறை தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் போகலாம். லாரியில் கிளீனர் தட்டுவதுதான், கேரவனிலும் அதுவே பழகிவிட்டது.

ஸ்டெல்லா டீச்சர் எங்களிடம் வந்ததற்குக் காரணம் லாட்ஜ். போட்டிக்குப் போகிற ஊரில் துப்பாக்கிப் பெட்டியைப் பார்த்ததும் "ரூம் இல்லை" என்றுவிடுவார்களாம். முந்தின வருஷம் கோயம்புத்தூரில் லாட்ஜ் லாட்ஜாக அலைந்து, கடைசியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆயுதப் பரிசோதனை முடிந்துவிட்டது. பரிசோதனையில் காட்டாத துப்பாக்கியை மறுநாள் சுட விடமாட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் சாரின் முதுகு ஆபரேஷன். இரண்டு வருஷம் வீணாகிவிட்டது. இந்தப் போட்டியில் தகுதி மதிப்பெண் எடுத்தால்தான் தேசியப் போட்டிக்குப் போகலாம். "இந்த வாட்டியும் போச்சுன்னா ரைஃபிள வித்துட்டு ரெண்டு எருமை வாங்கிடறேன் மேடம்" என்றார் டீச்சர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கழுத்துப் பையைப் பிடித்திருந்த கை இறுகியிருந்தது. அன்று மாலை ஆறு மணிக்குள் கோயம்புத்தூரில் பரிசோதனைக்குப் போய்ச் சேர வேண்டும்.

கிளம்புவதற்கு முதல் நாள் ஷெட்டில் வழியைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆரோக்கியராஜ் சார் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்.

"குண்டலுபேட்டைல ஒரு காபி, பந்திப்பூர், ஊட்டி, மேட்டுப்பாளையம். மத்தியான சாப்பாடு கோயம்புத்தூர். என்ன மாதப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் சொன்னார்: "பந்திப்பூர் காடு சார். சரணாலயத்துக்குள்ள துப்பாக்கி போகாது. முன்னாடியே எழுதி அனுமதி வாங்கணும், அதுக்கு நாள் ஆகும்."

"நாங்க என்ன யானையச் சுடவா போறோம்? பெட்டில பூட்டித்தானே இருக்கு?"

"யானைக்கு அது தெரியும் சார். செக்போஸ்ட்டுக்குத் தெரியாது."

"அப்ப சாம்ராஜ்நகர் போயி சத்தியமங்கலம்?"

"அதுவும் காடு."

"சரி, நம்ம மாதப்பன் ஊர் வழி. மாதேஸ்வரன் மலை."

"அதுவும் காடு."

"என்ன மேடம் இது, மைசூரச் சுத்திக் காடேதானா?"

"இத்தனை வருஷம் இங்க இருந்துட்டு இப்பத்தான் நோடறீங்களா சார்?"

கடைசியில் பெங்களூர், ஓசூர், சேலம் என்று பெரிய சுற்று வழி முடிவாயிற்று. விடியும்போதே கிளம்பினால் மாலைக்குள் போய்விடலாம். சார் புலம்பிக்கொண்டே இருந்தார். "மூக்க இப்படித் தொடாம, தலையச் சுத்தித் தொடுறீங்க." எனக்கோ நிம்மதி. காட்டு வழி என்றால் யானைக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டியிருந்திருக்கும்.

மறுநாள் ஷெட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. நான் "காலி" என்று சொன்னேன். மனசு கேட்காமல் இன்னொருமுறை பார்த்து இன்னொருமுறையும் சொன்னேன். டீச்சர், "மூணாவது வாட்டியும் சொல்லிடுங்க மாதப்பண்ணா, இல்லன்னா மண்டியா தாண்டுனதும் திருப்பிடுவீங்க" என்றார். சொன்னேன்.

சாரின் முதுகுக்காக எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஏறாமல் பழைய ரோட்டிலேயே மெதுவாகப் போனேன். மத்தூரில் வடை சாப்பிடாமல் யாராவது போவார்களா? நிறுத்தினேன். டீச்சர் இறங்கி வடை வாங்கிச் சாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார், எனக்கும் ஒன்று கொடுத்தார். நான் அதை வாயில் வைத்துக்கொண்டே டயர், பின்விளக்கு, கேஸ் சிலிண்டர் அறை எல்லாம் பார்த்தேன். பின்கதவு சாத்தியிருந்தது. கேபினில் ஏறி, பலகைப் பக்கம் திரும்பி, "போலாங்களா?" என்று சத்தமாகக் கேட்டேன். உள்ளே இருந்து டக், டக். இரண்டு தட்டு. கிளம்பிவிட்டேன்.

டீச்சர் அப்போது ஓட்டலின் பின்புறம் கை கழுவிக்கொண்டிருந்தார். ஏசிக் குளிர் போகாமல் இருக்க, இறங்கும்போது கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார்.

சென்னபட்டணா வந்துவிட்டது. மரப்பொம்மைக் கடைகள் வரிசையாக வந்தன. போன் அடித்தது. ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தேன். மேடம்.

"எல்லிதீயா மாதப்பா?"

"சென்னபட்டணா பொம்மைக் கடைகிட்ட வந்துட்டேனுங்க மேடம்."

"டீச்சர்?"

"பின்னால இருக்காங்க மேடம்."

"ஆமா, பின்னாலதான். ரொம்பப் பின்னால. மத்தூர்ல."

குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. போனில் சுளை கொடுக்க முடியாது, அதுதான் வித்தியாசம். டீச்சரின் போன் வண்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. ஓட்டல் கல்லாக்காரரின் போனை வாங்கிச் சாருக்கு அடித்திருக்கிறார், சாரின் போன் சத்தமில்லாமல் சார்ஜில் இருந்திருக்கிறது. பார்க்காமல் தெரிந்த இன்னொரு நம்பர், ஷெட்டில் ஒப்பித்துக் காட்டினாரே, அந்த மேடத்தின் நம்பர்தான்.

போனைக் காதில் வைத்தபடியே ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன். சார் கட்டிலில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் தூக்கிப் பலகையில் வைத்து இடித்துக்கொண்டிருந்தார். டக், டக். முதுகுக்காகக் கொடுத்த எக்ஸர்சைஸ்.

"பதிமூணு... பதினாலு... என்ன மாதப்பா, அதுக்குள்ள கோயம்புத்தூரா?"

"டீச்சர் எங்கீங்க சார்?"

"முன்னாடி உன் பக்கத்துல உக்காந்திருக்கான்னு நெனச்சேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கட்டிலுக்கு அடியில் துப்பாக்கி. வண்டியில் லைசென்ஸ் உள்ள ஆள் ஒருவரும் இல்லை. வண்டியை ஓட்டிவந்தவன் நான்.

"திருப்பிடறேனுங்க மேடம், இப்பவே திருப்பிடறேன்" என்று கத்தினேன்.

"சக்கரம் ஒரு சுத்து சுத்தக் கூடாது" என்றார் மேடம். "தெரியாம ஓட்டுனது முடிஞ்சுபோச்சு. இனி ஓட்டுனா தெரிஞ்சு ஓட்டுறது. டீச்சர் கழுத்துல லைசென்ஸ் இருக்கு, சாவி இருக்கு. அவங்க துப்பாக்கிகிட்ட வருவாங்க. துப்பாக்கி அவங்களத் தேடிப் போகாது. கீழ இறங்கி நில்லு, சாரும் இறங்கி நிக்கட்டும்." வைத்துவிட்டார்.

சார் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு இறங்கினார். "மாதப்பா, இருபது கிலோமீட்டர்தான். மெதுவா யூ-டர்ன் போட்டா யாருக்குத் தெரியப்போகுது? டீச்சர் வண்டி புடிச்சு வர்றதுக்குள்ள நாமளே போயிடலாம். அவளுக்கு நேரம் மிச்சம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆறு மணி என்பது எங்கள் எல்லோர் தலையிலும் இருந்தது. சாவி வண்டியிலேயே தொங்கியது. நான் கேபின் கதவில் கை வைத்தேன். ஆனால் எனக்கு ஒரு விஷயம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டால் போகாது. வழியில் நிறுத்துகிறார்கள், உள்ளே என்ன என்று கேட்கிறார்கள், ரைஃபிள் என்கிறேன், யாருடையது என்கிறார்கள். ரத்தினம் ஸ்டேஷன் வாசலில் டிபன் கேரியரோடு நிற்கிறாள். அந்த டிபன் கேரியரில் என்ன குழம்பு என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டிச் சாவியை எடுத்துச் சார் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவரால் அந்த முதுகோடு ஓட்ட முடியாது.

நாங்கள் நின்றது ஒரு பொம்மைக் கடைக்கு நேர் முன்னால். கடைக்காரர் வெளியே வந்தார். "ஏன்ப்பா, கடையே மறையுது. வண்டிய எடு."

"எடுக்க முடியாதுங்க."

"ரிப்பேரா?"

"இல்லைங்க."

"டீசல் இல்லையா?"

"இருக்குதுங்க."

"அப்புறம் என்னதான்?"

"ஒரு டீச்சர் வரணுமுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாசலில் வைத்திருந்த ஆடும் குதிரைகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டார்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, போலீஸ் ஜீப் வந்தது. ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு கான்ஸ்டபிள். ஜீப் எங்களைத் தாண்டிப் போய்விடும் என்று நினைத்தேன், நேராக என் எதிரில் நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் கன்னடத்தில், "என்ன வண்டி? உள்ளே என்ன?" என்றார்.

மனசில் மூன்று பதில் வந்தது. டூரிஸ்ட் வண்டி சார். ஆள் தூங்குறாங்க சார். ஒண்ணுமில்ல சார். ஆனால் வாயில் வந்தது வேறு. மேடம் "காலி" சொல்லப் பழக்கியிருந்தாரே, அதே குரலில் வந்துவிட்டது. "சார், உள்ள ஒரு ரைஃபிள் இருக்குது. என்னுது இல்ல. லைசென்ஸ் இருக்கறவங்க மத்தூர்ல இருக்காங்க, நான் தெரியாம விட்டுட்டு வந்துட்டேன். சாவி எங்கிட்ட இல்ல. வேணுமின்னா பாருங்க." சொன்னதோடு நிற்காமல் பாக்கெட்டை எல்லாம் வெளியே இழுத்து அவர் ஜீப்பின் பானெட்டில் வைத்தேன். பிரஷர் மாத்திரை, விபூதிப் பொட்டலம், ஊக்கு, வண்டியின் மாற்று ஃபியூஸ்கள், டயர் வால்வ் மூடி ஒன்று, அதற்கும் மாற்றாக இன்னொன்று.

கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கத் தொப்பியைக் கழற்றித் துடைத்தார். சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "எத்தனை பேர் வந்தீங்க?"

"நாலு சார். இப்ப ஒண்ணு கம்மி."

"யார் அந்த நாலு?"

துப்பாக்கியையும் சேர்த்துச் சொன்னேன். அதற்கும் அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பூட்டை அசைத்துப் பார்த்துவிட்டு வந்தார். "அரை மணி நேரம். அதுக்குள்ள அந்த அம்மா லைசென்ஸோட வரலன்னா வண்டியோட ஸ்டேஷன். அப்புறம் விசாரிச்சு எழுதி முடிக்கச் சாயந்திரம் ஆயிடும். என் கையில இல்ல."

சாயந்திரம் என்றால் கோயம்புத்தூர் இல்லை. சாரின் முகத்தில் அதுவரை இருந்த விளையாட்டு போய்விட்டது. மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார். "ரெண்டு வருஷமா காலைல நாலரைக்கு எழுந்து மூச்சப் புடிச்சுப் புடிச்சுப் பழகறா மாதப்பா. ஒரு காபி டம்ளர ரைஃபிள் மேல வெச்சு, அது அசையாம நிக்கறா" என்றார். நான் ரோட்டைப் பார்த்தேன். மத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு ஆட்டோவும் டீச்சர் இல்லாமலேயே தாண்டிப் போயிற்று.

கடைசியில் ஒரு லக்கேஜ் ஆட்டோ வந்தது. பின்னால் மலைபோல எளநீர். அந்த எளநீர் மேல் டிராக் சூட்டும் ஷூவுமாக, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையில் பிளாஸ்டிக் உறை போட்ட லைசென்ஸை உயரத் தூக்கிப் பிடித்தபடி ஸ்டெல்லா டீச்சர். தேர் ஊர்வலத்தில் மாதா சுரூபம் வருவது போல வந்தார். சார் கையெடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டார், பக்தியிலா பயத்திலா தெரியவில்லை.

டீச்சர் எங்கள் இருவரையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே சப்-இன்ஸ்பெக்டருக்கு வணக்கம் சொல்லி, லைசென்ஸைக் கொடுத்து, கழுத்துப் பையிலிருந்து சாவியை எடுத்தார். பெட்டி திறந்தது. அறை காலி என்று விரல்விட்டுக் காட்டினார். போல்ட் தனியாக இருப்பதைக் காட்டினார். இரும்பில் இருந்த நம்பரைச் சப்-இன்ஸ்பெக்டர் படிக்க, கான்ஸ்டபிள் லைசென்ஸில் ஒத்துப் பார்த்தார். குழலை டீச்சர் வெளிச்சத்தில் தூக்கியதும், யாரும் கேட்காமலேயே என் வாய், "காலி!" என்றது.

அப்போதுதான் சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"உங்க ஓனரம்மா போன்ல சொன்னாங்க, டிரைவர் ரொம்ப பயந்தவன், கேக்காமலேயே எல்லாத்தையும் கொட்டிடுவான்னு. நான் நம்பல." நான் விழித்தேன். "அவங்கதான்ப்பா கூப்பிட்டாங்க. இந்த இடத்துல எங்க வண்டி நிக்குது, உள்ள துப்பாக்கி இருக்கு, லைசென்ஸ் வந்துட்டிருக்கு, வந்து பாத்துக்கோங்கன்னு. யாரும் சொல்லாம நாங்களா வந்து புடிச்சிருந்தா இது வேற மாதிரி போயிருக்கும்."

டீச்சரின் பேர், விலாசம், என் டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் எழுதிக்கொண்டு, இனிமேல் கவனம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். கான்ஸ்டபிள் என் வால்வ் மூடிகளை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஜீப் போனதும் டீச்சர் எங்கள் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூட மைதானத்துக் குரல்.

"வண்டி எடுத்தது யாரு?"

"நான்தானுங்க டீச்சர். ரெண்டு தட்டு கேட்டுச்சு."

"தட்டுனது யாரு?"

சார் பொம்மைக் கடையை ரொம்ப ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு வாங்க, உங்களுக்கு இருக்கு" என்றுவிட்டு டீச்சர் ஏறினார். எளநீர்க்காரர் வாடகை என்று கை நீட்டினார். டீச்சரின் பணப்பை எங்கோ உள்ளே, சார் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டார். நான் கொடுத்தேன். எழுநூறு ரூபாய்.

அதன்பிறகு வடை இல்லை, காபி இல்லை. டீச்சர் கேபினில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். ஓசூர் தாண்டியதும், "மாதப்பண்ணா, நான் இருக்கேன், இல்லையா?" என்றார். "இருக்கீங்க டீச்சர்." தர்மபுரியில், "இப்பவும் இருக்கேன்." சேலத்தில் கேட்கவில்லை, நானே திரும்பிப் பார்த்துக்கொண்டேன். கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தபோது பரிசோதனை அறையின் மேஜைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பெட்டியோடு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவதை நான் பார்த்ததில்லை. மடித்த துணியை மறுபடி விரித்தார்கள்.

மறுநாள் போட்டி நடந்தபோது நான் உள்ளே போகவில்லை. அவ்வளவு துப்பாக்கிகளை ஒரே இடத்தில் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. வண்டி நிழலில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டேன். டீச்சருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. தகுதி மதிப்பெண் கிடைத்தது. வெளியே வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "எருமை வாங்க வேண்டியதில்ல மாதப்பண்ணா."

மைசூர் திரும்பியதும் ஷெட் வாசலில் மேடம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரே ஒரு ஆரஞ்சு, பெரிய பழம். என்னையும் சாரையும் எதிரில் நிற்க வைத்து உரிக்க ஆரம்பித்தார். முழுப் பழமும் என் கைக்கு வரப்போகிறது, வேலை போயிற்று, ரத்தினத்திடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்து, பழத்தை நடுவில் பிளந்து, பாதியை என் கையிலும் பாதியைச் சார் கையிலும் வைத்தார்.

"கியர் போட்ட கை ஒண்ணு, தட்டுன கால் ஒண்ணு. சரி சமம். எளநீர் ஆட்டோ வாடகையும் அப்படியே."

அன்றிலிருந்து எங்கள் வண்டிகளில் தட்டுவது நின்றது. இறங்கினவர் திரும்பி ஏறும்முன் டிரைவர் ஜன்னலுக்கு வந்து முகத்தைக் காட்ட வேண்டும். முகம் பார்த்தபிறகுதான் கியர். நான் ரிட்டயர் ஆகும்வரை எத்தனையோ துப்பாக்கி டிரிப் போயிருக்கிறேன், ஒருவரையும் விடவில்லை. முகத்தை மூன்று தரம் காட்டச் சொல்கிறான் என்று சிலர் புகார் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

டீச்சர் தேசியப் போட்டிக்குப் போனார். அந்த டிரிப்பும் நான்தான் ஓட்டினேன். சாரின் முதுகு இப்போது நன்றாக இருக்கிறது, கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் கேக் கொண்டுவருகிறார். வாடகைப் பேச்சை எடுத்தால் மட்டும், "காலு என்னுதுதான் மாதப்பா, ஆனா ஆட்டச் சொன்னது டாக்டர். அவர்கிட்டப் போயி வாங்கிக்கோ" என்கிறார். நான் டாக்டரிடம் போகவில்லை. சங்க மலர் அவர் வீட்டுக்கும் ஒரு பிரதி போகும் என்று சொன்னார்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். பாக்கி முந்நூற்று ஐம்பது ரூபாய்.